புதுப் பாட்டு பிடித்துப்போன பயம்

மொட்டை மாடிக் கொடியில் ஈர வேட்டியை விரித்துக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணி வெயில் தரையைவிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்புக்குள் வயரை ஒளித்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருந்தேன். இன்னொரு காது படிக்கட்டைக் காவல் காத்தது.

அப்படியும் அவர் வந்தது தெரியவில்லை.

“என்ன கேக்குற வசந்தா?”

என் கணவர் மாடிக் கதவருகே காபி டம்ளரோடு நின்றிருந்தார். இயர்போனைப் பிடுங்கிய வேகத்தில் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்து இரண்டாகப் போனது.

“சும்மா... சாமி பாட்டு.”

முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் தங்கை கிண்டிய அல்வா பிரமாதம் என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பயந்து சொன்ன பொய் அதுதான் முதல்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தலைய ஆட்டிக்கிட்டே இருந்த,” என்றார். டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் கேட்டது சாமி பாட்டு இல்லை. ராப்.

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆண்டு விழாவில் பிள்ளைகள் குத்துப் பாட்டுக்கு ஆடியபோது மேடைக்குப் பின்னால் போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கியதை, சில வாரங்களுக்கு முன் நானே இங்கே பெருமையாக எழுதியிருந்தேன். அந்த வசந்தா டீச்சர்தான் இவள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிர் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தோள்பட்டையில் தொடங்கியது

ஓய்வு பெற்ற பிறகு என் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. சாமி மாடத்தில் விளக்கு வைக்க முடியாது. மதுரை அவனியாபுரத்தில் ஒரு பிசியோதெரபி சென்டரைச் சொன்னார்கள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

அங்கே தாஹிரா என்று ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து முறுக்குகிறபோது மட்டும் குரலைக் குழந்தைக்குப் பேசுவதுபோல் மாற்றிக்கொள்வாள்.

“இன்னும் கொஞ்சம் டீச்சர். இம்புட்டுத்தான். சுவத்துல விரலால ஏறுங்க பாப்போம்.”

வலியை மறக்க அலமாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தாள். வயசானவர்கள் வந்தால் பழைய பாட்டு. எங்களைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பழைய பாட்டுக்குப் போகும். மூட்டு வலிக்கு என்ன எண்ணெய் என்று தெரிந்திருப்பதுபோல, எங்களுக்கு என்ன பாட்டு என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மாற்ற மறந்துவிட்டாள். நான் சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு முரசுச் சத்தம். அதன்மேல் ஓர் இளைஞனின் குரல், பாடவில்லை, பேசிக்கொண்டே ஓடியது. நம் ஊர்ப் பேச்சு. பைபாஸில் வெயிலில் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறவனின் புலம்பல்.

“அய்யய்யோ, சாரி டீச்சர், மாத்திர்றேன்.”

“இரு,” என்றேன்.

அவன் ‘நிக்கிறேன் நிக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போனான். நிக்-கி-றேன். மூன்று துண்டு. முரசோ நான்கு நான்காக அடித்தது. அதனால் ஒவ்வொரு முறையும் ‘நிக்’ வேறோர் அடியில் விழுந்தது. தாளம் ஒரு பக்கம் போக, வார்த்தை நழுவி நழுவி வேறு பக்கம் போனது. இவன் தொலைந்தான் என்று நினைக்கிற நேரத்தில், சரியாகப் பன்னிரண்டாம் அடியில் இரண்டும் வந்து கைகோத்துக்கொண்டன.

மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியதை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

என் விரல்கள் வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி நான்கு அங்குலம் மேலே ஏறியிருந்தன. தாஹிரா கைதட்டினாள்.

“யாரும்மா இவன்?”

“இந்த அவனியாபுரம்தான் டீச்சர். வொர்க்‌ஷாப்ல வேலை பாத்துக்கிட்டே பாடுறாப்ல. புடிச்சிருக்கா?” அவள் கண் விரிந்தது. “நெசமாவா?”

நெசந்தான். அன்றைக்கே என் போனில் அந்தப் பாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவனுடைய இன்னும் ஐந்து. அதன்பின் வேறு ஆட்கள், வேறு ஊர்கள். ஒரு மாதம் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல? காலையில் எழுந்ததும், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதுபோல ஒரு நினைப்பு. என்னவென்று யோசித்தால், கேட்க ஒரு பாட்டு இருக்கிறது.

எங்கள் அப்பா சினிமாப் பாட்டையே கூத்தாடிச் சத்தம் என்பார். வீட்டில் ரேடியோ கிடையாது. அக்காவும் நானும் தண்ணீர்க் குடத்தைச் சாக்கு வைத்து டீக்கடைப் பக்கம் நின்று கேட்போம். அப்பா எண்பத்து மூன்று வயசு வரை அதே அப்பாவாக இருந்து போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். “கடைசி வரைக்கும் மாறாத மனுசன்.”

நம் பக்கத்தில் மாறாமல் இருப்பதற்குப் பெரிய மரியாதை. இருபது வயசில் ரசனை மாறினால் வளர்கிறது என்கிறோம். அறுபதுக்கு மேல் மாறினால் என்ன ஆச்சு என்று கேட்கிறோம்.

நானும் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை, சிரித்தேன். அதுதான் இன்னும் மோசம்.

ராஜம் அக்கா

ராஜம் அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். சோழவந்தானில் வாழ்க்கைப்பட்டவள். பாட்டு முறையாகப் படித்தவள். சுருதி அரை இழை விலகினால் முகம் சுளித்துவிடும். கல்யாண வீட்டில் கச்சேரி சரியில்லை என்று பந்தியிலிருந்து எழுந்துபோயிருக்கிறாள்.

அவளுக்கு அறுபத்தொன்று நடந்தபோது ஒரு குத்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் வந்த பாட்டு. அதைப் போனில் ஏற்றித் தரச்சொல்லி, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே போட்டாள். சத்தத்தை முழுசாக வைத்து, கூடத்தின் நடுவில் நின்று, கையை வீசி ஆடினாள்.

எங்களுக்கெல்லாம் ஒரே வேடிக்கை. அத்தான் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘அக்கா யூத் ஆயிட்டாங்க’ என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டது நான். அந்தப் படத்தை டீச்சர்கள் அறையில் எல்லாருக்கும் காட்டியதும் நான்தான்.

ஆறு மாதம் கழித்து அவளுடைய உயிர்த் தோழி இறந்துபோனாள். துக்க வீட்டில் அக்கா அழவில்லை. இலை எப்போது போடுவார்கள் என்று கேட்டாள். அதன்பின் ஒரு டப்பா இனிப்பை ஒரே மூச்சில் தின்றாள். கடைத்தெருவில் தெரியாதவர்களை வாய்க்கு வந்தபடி பேசினாள். போனைப் பிடுங்கிய மருமகளை அறைந்தாள்.

மதுரைக்குக் கூட்டிவந்து காட்டியபோது, மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது என்றார்கள்.

“முதல்ல என்ன மாறுச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்று அந்த டாக்டர் கேட்டார்.

அத்தான் தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

“பாட்டுங்கய்யா. முதல்ல பாட்டுத்தான் மாறுச்சு.”

நானும் அந்த அறையில் இருந்தேன். போனில் நான் போட்ட மூன்று பொம்மைகளும் என் நெற்றியில் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது.

ஐந்து வருஷம் இருந்தாள். கடைசி இரண்டு வருஷம் பேச்சே இல்லை.

எனக்கும் அறுபத்தொன்று

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாட்டின் மயக்கத்தில் இருந்த அந்த ஒரு மாதம் நினைவுக்கே வரவில்லை. அதுவே பிறகு என்னைப் பயமுறுத்தியது. இதை எப்படி மறந்தேன்?

நினைவு வந்த இடம் அடுப்படி. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். முடிந்தது. மறுபடி போட்டேன். ஏழாவது தடவை போன் திரையைத் தொடும்போது, என் விரலை அக்காவின் விரலாகப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி விரல். நகம் அகலமாக, நுனி கொஞ்சம் வளைந்து.

அத்தானின் குரல் காதுக்குள் கேட்டது. முதல்ல பாட்டுத்தான் மாறுச்சு.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அன்று தொடங்கி எனக்கு நானே பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். காலையில் கண் விழித்ததும் பதினேழாம் வாய்ப்பாடு. குளிக்கும்போது, ஓய்வு பெற்ற வருஷத்தில் பத்தாம் வகுப்பு அ பிரிவின் வருகைப் பதிவேட்டுப் பெயர்கள், வரிசையாக. நாற்பத்திரண்டு பெயரில் ஒன்று விட்டுப்போனால் அன்றைய பகல் முழுக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தெருவில் ஒரு சாவு விழுந்தது. அவ்வளவாகப் பழக்கமில்லாத வீடு. போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வருகிறதா என்று பார்ப்பதற்காகப் போனேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. வந்தது. ஆனால் அது இறந்தவருக்காக வந்த அழுகையா, எனக்காகவா? அது தெரியாமல் இன்னும் பயந்தேன்.

இனிப்பைத் தொடவில்லை. அக்கா இனிப்பில்தான் விழுந்தாள். மேலூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இலையில் வைத்த ஜிலேபியை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, “சுகரா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பாட்டை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நிறுத்தினேன். ஒன்பது நாள் நிறுத்தினேன். வீடு செத்துக் கிடந்தது. நிறுத்த முடிகிறதே என்று ஒரு நாள் தைரியம் வரும். நிறுத்தியும் மனசுக்குள் ஓடுகிறதே என்று மறுநாள் பயம் வரும். பத்தாம் நாள் இயர்போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். அங்கேதான் அவர் என்னைப் பிடித்தார்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். கோவையிலிருக்கும் மகள் நித்யாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குடும்பக் குழுவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இந்த நோயின் முதல் படி எதுவென்று தெரியும். நான் பாட்டைச் சொன்ன நிமிஷம் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அக்காவைக் கடைசியில் நாங்கள் பார்த்தோமே, அந்தப் பார்வை. ஆளைப் பார்க்காமல் நோயைப் பார்க்கிற பார்வை.

சட்டைப் பை

அவர் நடவடிக்கையும் விநோதமாகிக்கொண்டு வந்தது.

“வசந்தா, நம்ம கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல கரண்டு போச்சே, எம்புட்டு நேரம் போச்சு?”

“ஒரு மணி நேரம். இப்ப எதுக்கு?”

“சும்மாதான்.”

மறுநாள் வேறொரு கேள்வி. நித்யா பிறந்த ஆஸ்பத்திரி வாசலில் என்ன மரம்? முதல் வாடகை வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள்? பிசியோதெரபிக்குத் தானும் கூட வருகிறேன் என்றார். தினமும் நான் தெருமுனை அரச மரம் வரை நடந்து வாங்கி வருகிற பாலை, “நான் போறேன், நீ இரு,” என்று தானே வாங்கி வந்தார். வயசாகிறது, பழசையெல்லாம் நினைக்கிறார் என்று விட்டுவிட்டேன். என் பயத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவினேன். நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், கையெழுத்து அச்சுப்போல் இருக்கும்.

‘செவ்வாய். பால் பொங்கி வழிந்தது. பக்கத்தில்தான் நின்றாள்.

வெள்ளி. தனியாகச் சிரித்தாள்.

ஞாயிறு. இனிப்பு வேண்டாம் என்றாள். (ராஜம் அப்படி இல்லை. இது நல்லதா?)

திங்கள். மாடியில் இயர்போன். தலையை ஆட்டினாள். கேட்டதற்குச் சாமி பாட்டு என்றாள். இல்லை. வெளியே கேட்டது.

புதன். கல்யாண மண்டபம், கரண்டு. அடுத்தடுத்த நாள் ஆஸ்பத்திரி மரம், வீட்டுக்காரர் பிள்ளைகள். எல்லாம் சரியாகச் சொன்னாள்.’

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு அடித்திருந்தார்.

வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள், இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் எனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குப் போய்க் காகிதத்தை அவர் முன் வைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பால் பொங்குனப்ப நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தேங்க,” என்றேன். “மூளை சரியா இருக்கான்னு.”

அவர் காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார். கன்னம் துடித்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டாம் தடவை.

“உங்க அத்தான் பட்ட பாட்ட நான் பாத்தேன் வசந்தா,” என்றார் கடைசியில். “என்னால அது முடியாது. நெசமாச் சொல்றேன். எனக்குத் தைரியம் பத்தாது.”

“எனக்கு மட்டும் இருக்காக்கும்?”

மறுநாளே டாக்டரிடம் போவது என்று முடிவானது.

குழாய்க்குள்

நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயசு இருக்கும். முதலில் ஒன்றரை மணி நேரம் பரீட்சை வைத்தார்கள். படம் வரையச் சொன்னார்கள். வார்த்தைகளைச் சொல்லி, வேறு வேலை கொடுத்து, மறுபடி கேட்டார்கள். முகங்களின் படத்தைக் காட்டி, இவர் கோபமா துக்கமா என்று கேட்டார்கள். கேள்வித்தாள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவது என்னவென்று அன்று தெரிந்தது. என்னிடம் படித்த அத்தனை பிள்ளைகளிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன். தாலிக்கொடி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. பாதி வீட்டைக் கையில் பிடித்திருப்பவர்போல் இருந்தார்.

பலகையோடு என்னைக் குழாய்க்குள் தள்ளினார்கள். முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் கூரை. அசையக் கூடாது. கையில் ஒரு ரப்பர் பந்து, முடியாவிட்டால் அமுக்க.

முதலில் அமைதி. பிறகு தட்டத் தொடங்கியது. பட்டறையில் தகரம் தட்டுவதுபோல் சீராக ஒரு சத்தம். அதன் அடியில் ஓர் உறுமல். கொஞ்ச நேரத்தில் வேறு வேகத்தில் இன்னொரு தட்டு. எனக்கு மூச்சு முட்டியது. இந்த இயந்திரம் இப்போது என் மண்டைக்குள் பார்க்கிறது. சுருங்கியிருந்தால் இந்த நிமிஷம் அதற்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. பந்தை அமுக்கப் போனேன்.

அப்போது என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒரு தட்டு ஐந்து ஐந்தாக வந்தது. உறுமல் நான்கு நான்காக. இருபதில் சேர வேண்டும். எண்ணினேன். சேர்ந்தது. அந்தக் குழாய்க்குள், அந்த நடுக்கத்தில், எனக்கு அது பிடித்தது. கால் கட்டைவிரல் ஆடியது.

“அம்மா, அசையாதீங்க,” என்றது ஒலிபெருக்கி.

பிடித்த அந்த நொடியே பயம் இரண்டு மடங்காக வந்தது. இந்தத் தகரச் சத்தம்கூடப் பிடிக்கிறது என்றால், அப்படியானால் அதுதானே? கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

டாக்டர் கேட்டது

முடிவு சொல்ல நான்கு நாள் கழித்து வரச்சொன்னார்கள். அந்த நான்கு நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சோறு பொங்கினேன், சாப்பிடவில்லை.

டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். என் கணவர் எழுதிய காகிதத்தையும் வாங்கிப் படித்தார். வாரம் ஒரு தடவை தன் வீட்டிலும் பால் பொங்குகிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பாட்ட யாராச்சும் நிறுத்தச் சொன்னா நிறுத்திருவீங்களாம்மா?”

“நிறுத்திருவேன்.”

“உங்க அக்கா?”

“மாட்டா. பிடுங்குனா அடிப்பா.”

“உங்க அக்கா பயந்தாங்களா?”

எனக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி கேட்டார். தனக்கு ஏதோ ஆகிறது என்று உங்கள் அக்கா ஒருநாளாவது பயந்தாரா?

யோசித்தேன். இல்லை. ஒருநாளும் இல்லை. நோயின் பெயரை டாக்டர் சொன்ன அன்று, கேன்டீனில் போண்டா இருக்குமா என்றுதான் கேட்டாள். பயந்ததெல்லாம் நாங்கள்.

“இந்த வியாதில பெரும்பாலும் அப்படித்தாம்மா. மாறிட்டோம்னு அவங்களுக்கே தெரியாது. நீங்க ரெண்டு மாசமா பயந்து பயந்து இளைச்சே போயிட்டீங்க. பயந்தா வியாதி இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா டெஸ்ட் எல்லாம் நல்லாருக்கு. ஸ்கேன்லயும் இப்ப ஒண்ணும் தெரியல. புதுசா ஒரு பாட்டுப் பிடிச்சா அது வியாதி இல்ல. அடுத்த வருசம் ஒரு தடவ வந்து காட்டுங்க.”

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து டாக்டரைக் கும்பிட்டார். வெளியே வந்து இருவரும் ஆளுக்கு இரண்டு காபி குடித்தோம்.

ஆனால் டாக்டர் ‘இப்ப’ என்று ஒரு வார்த்தை சொன்னாரே. அந்த ‘இப்ப’வும் எங்களோடு ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்தது.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பயம் இருந்தால் நல்லது என்று மனசு எடுத்துக்கொண்டதால், பயமில்லாத நாள் வந்தால் திடுக்கிட்டுப்போவேன். ஐயோ, இன்று காலையிலிருந்து நான் பயப்படவே இல்லையே! இதைக் கேட்டு என் கணவர், “ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நித்யாவிடமும் சொன்னோம். டாக்டர் பெயரையும் டெஸ்ட் விவரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, “அந்தப் பாட்ட எனக்கும் அனுப்பும்மா,” என்றாள். அனுப்பினேன். கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சில மாதங்கள் போயின. தோள் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. ஒரு ஞாயிறு காலை, இட்லி முடித்து உட்கார்ந்திருக்கையில் தாஹிராவிடமிருந்து செய்தி. அந்த அவனியாபுரத்து இளைஞனின் புதுப் பாட்டு வந்துவிட்டது. கூடவே நெருப்புப் பொம்மை நாலைந்து.

இயர்போனைத் தேடி எழுந்தேன்.

“வேணாம்,” என்றார் என் கணவர். “சத்தமாவே போடு. நானும் கேக்குறேன்.”

அவருக்கு ராப் பிடிக்காது. பிடிக்கவும் போவதில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல் கைகட்டி உட்கார்ந்தார். அவர் பார்த்தது போனை இல்லை, என்னை. என் தலை ஆடுகிறதா, எப்படி ஆடுகிறது என்று. டாக்டர் என்ன சொன்னாலும் அந்தப் பார்வை அவரைவிட்டு முழுசாகப் போகவில்லை.

பாட்டைப் போட்டேன். முரசு வந்தது. குரல் வந்தது. ஒரு நிமிஷம் கேட்டேன். இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் கையை நீட்டி நிறுத்தினேன்.

அவர் நிமிர்ந்தார். “என்னாச்சு?”

“நல்லா இல்லைங்க.”

“என்ன?”

“நல்லா இல்ல. அவசரத்துல பண்ணிருக்கான். முதப் பாட்டுல வார்த்தை தாளத்த விட்டு நழுவி நழுவிப் போய்ச் சேரும். இதுல தாளத்து மேலயே ஏறி உக்காந்துக்கிருச்சு. அடுத்த அடி எங்க விழும்னு எனக்கே தெரியுது. ரெண்டாவது பாதில சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, அதான் ஊர் பேரா அடுக்குறான். இம்புட்டு நல்லாப் பாடுறவன் இப்படிப் பண்ணலாமா?”

எனக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. தாஹிராவிடம் இதைச் சொல்ல வேண்டும், அவள் சண்டைக்கு வருவாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

கட்டியிருந்த கை அவிழ்ந்திருந்தது. அந்தக் குத்துப் பாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு அக்கா எந்தப் பாட்டையும், எந்தச் சாப்பாட்டையும் நன்றாக இல்லை என்று சொன்னதே இல்லை. அவருக்கும் அது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். எந்த டாக்டரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. அந்த நோய் இல்லை என்பதற்கு அது உண்மையில் ஓர் அத்தாட்சியா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“இன்னொரு தடவ சொல்லு.”

“என்னத்த?”

“நல்லா இல்லைன்னு சொன்னியே, அத.”

சொன்னேன்.